வாசலில் நின்று கூப்பிட ஒரு பெயர்

பல்லாவரத்தில் ஒரு வீடு. 1916ஐ ஒட்டிய காலம். அந்த வீட்டுப் பிள்ளைகளில் திருஞானசம்பந்தம் ‘அறிவுத்தொடர்பு’ ஆனார். மாணிக்கவாசகம் ‘மணிமொழி’ ஆனார். சுந்தரமூர்த்திக்கு ‘அழகுரு’ என்றும் திரிபுரசுந்தரிக்கு ‘முந்நகரழகி’ என்றும் புதுப் பெயர்கள் வந்தன. பெயரை மாற்றிய தகப்பனார் தம்மையும் விட்டுவைக்கவில்லை. வேதம் என்றால் மறை, அசலம் என்றால் மலை. சுவாமி வேதாசலம் மறைமலை அடிகள் ஆனார்.

நாகப்பட்டினத்தில் 1876இல் பிறந்த வேதாசலம், 1898 முதல் 1911 வரை சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழாசிரியர். வேலையை விட்ட பிறகு பல்லாவரத்துக்குக் குடிவந்து துறவு பூண்டார். துறவி என்றாலும் மனைவி மக்களோடுதான் வாழ்ந்தார். மகள் நீலாம்பிகையோடு வள்ளலார் பாடல் ஒன்றைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கையில், அதில் வரும் ‘தேகம்’ என்ற சொல்லுக்குப் பதில் ‘யாக்கை’ என்று இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று அடிகள் சொன்னதாகவும், அந்தப் பேச்சிலிருந்துதான் தனித்தமிழ் இயக்கம் பிறந்ததாகவும் சொல்வார்கள். ஒரு சொல்லில் தொடங்கியது வீடு முழுக்கப் பரவியது. அவர் நடத்திய ‘ஞானசாகரம்’ இதழ் ‘அறிவுக்கடல்’ ஆயிற்று. சமரச சன்மார்க்க நிலையம் பொதுநிலைக் கழகம் ஆயிற்று. மாணவர் பாலசுந்தரம் இளவழகனார் ஆனார். பால என்றால் இள, சுந்தரம் என்றால் அழகு. கணக்கு மாதிரி நேராகப் போட்ட மொழிபெயர்ப்பு.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இத்தனைக்கும் காரணமான மகள் கடைசிவரை நீலாம்பிகை அம்மையார் என்றேதான் அறியப்பட்டார். வடசொற்களுக்குத் தமிழ்ச் சொல் காட்டும் அகராதியைத் தொகுத்தவரும் அவரே. திருநாவுக்கரசு என்ற மகனின் பெயரைத் தொட வேண்டிய அவசியமே வரவில்லை. ஆனால் அவருடைய இனிஷியல் மாறியது. தகப்பனாரின் வாழ்க்கை வரலாற்றை எழுதியபோது அவர் வே. திருநாவுக்கரசு அல்ல, மறை. திருநாவுக்கரசு.

நூறு ஆண்டு கழித்துத் திரும்பிப் பார்த்தால், அந்த வீட்டுப் பெயர்களில் எது பிழைத்தது, எது பிழைக்கவில்லை என்பது தெளிவாகத் தெரிகிறது. மணிமொழி ஊரெல்லாம் பரவி, பெண் பிள்ளைகளுக்கும் போய்ச் சேர்ந்தது. இளவழகன் இல்லாத பள்ளிக்கூட வருகைப் பதிவேடு ஒரு காலத்தில் தமிழ்நாட்டில் அபூர்வம். அறிவுத்தொடர்பும் முந்நகரழகியும் அந்த வீட்டோடு நின்றுவிட்டார்கள். பொருளில் குறையா? இல்லை. ஞானத்தோடு சம்பந்தம், அறிவோடு தொடர்பு; சொல்லுக்குச் சொல் சரி. ஆனால் தெருக்கோடியில் கோலி விளையாடும் பிள்ளையை வாசலில் நின்று ஒரே மூச்சில் அம்மா கூப்பிட வேண்டுமே. ‘டேய் அறிவுத்தொடர்பு’ என்று எந்த அம்மாவுக்கும் வாய் வராது. சுருக்கி ‘அறிவு’ என்றால் அது வேறு பெயராகிவிடுகிறது.

விநோதப் பெயர் பல்லாவரத்துக்குப் புதிதுமல்ல. பல்லவபுரம் தேய்ந்து பல்லாவரம் ஆன ஊர் அது. அங்கே குன்றில் 7ஆம் நூற்றாண்டில் மகேந்திரவர்மன் குடைவித்த குகைக்கோயில் பின்னாளில் தர்காவாகிவிட்டது. அவன் சூடிக்கொண்ட பட்டப்பெயர்கள் அதில் வரிசையாக வெட்டப்பட்டிருக்கின்றன, தெலுங்குச் சொற்களும் கலந்து. பெயர் சேர்ப்பதில் அவனுக்கு இருந்த ஆசை சாதாரணமானதல்ல. மத்தவிலாசன், விசித்திரசித்தன், குணபரன், சத்துருமல்லன், சித்திரகாரப்புலி என்று அவன் பட்டங்கள் நீளும். இவற்றில் ஒன்றையும் எந்தக் குடியானவனும் தன் பிள்ளைக்கு எடுத்துக்கொள்ளவில்லை. அரசனுக்குக் கவலையில்லை. அவனை யார் வாசலில் நின்று பேர் சொல்லிக் கூப்பிடப் போகிறார்கள்?

குடியானவன் பெயர் எடுத்தது வேறு இடத்தில். பழைய செங்கல்பட்டு மாவட்டத்துத் தாத்தாக்களின் பெயர்களைக் கேட்டால், மாட்டு வண்டி போகிற தூரத்துக்கு ஒரு கோயில் வரைபடமே கிடைக்கும். ஏகாம்பரமும் வரதனும் காஞ்சிபுரம். கந்தசாமி திருப்போரூர். வேதகிரியும் பக்தவத்சலமும் திருக்கழுக்குன்றம். ரங்கநாதன் என்றால் திருநீர்மலை; ஸ்ரீரங்கம் வரைக்கும் போக வேண்டியதில்லை. ஏழுமலை மட்டும் கொஞ்சம் தூரம், திருப்பதி. வேண்டுதல் எந்தக் கோயிலில் நிறைவேறியதோ அந்தக் கோயில் பெயர் வீட்டுக்கு வந்தது. 1963 முதல் 1967 வரை முதலமைச்சராக இருந்த பக்தவத்சலம் பிறந்தது பூந்தமல்லிக்குப் பக்கத்து நசரத்பேட்டையில். அந்தப் பெயர் அந்த வட்டாரத்துக்கு வெளியே போனால் அடையாளச் சீட்டு மாதிரி.

கோயிலை விட்டால் தாத்தா. பெயரன் என்பதுதான் பேரன் ஆயிற்று. தாத்தாவின் பெயரைத் தாங்குகிறவன் என்றே பொருள். தலைப்பிள்ளை ஆணாகப் பிறந்தால் பெயருக்கு யோசிக்கவே வேண்டாம், அப்பாவைப் பெற்றவரின் பெயர் தயாராக இருக்கும். ஆனால் இதில் ஒரு சிக்கல். மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது. பெற்ற பிள்ளையைத் தாயே பேர் சொல்லிக் கூப்பிட முடியாத நிலை. அதனால்தான் அந்தத் தலைமுறையில் அத்தனை ராஜாக்கள், தம்பிகள், கண்ணுகள், துரைகள். ஏட்டில் ஒரு பெயர், வாசலில் ஒரு பெயர். முந்தையது தாத்தாவுக்கு, பிந்தையது பிள்ளைக்கு.

இன்னொரு வகைப் பெயர் அச்சத்தில் வைத்தது. அடுத்தடுத்துப் பிள்ளைகள் தவறிப்போன வீட்டில் மறுபடி ஒன்று பிறந்தால், அதை மாட்டுத் தொழுவத்துக்குப் பின்னால் உள்ள குப்பைமேட்டுக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள். முறத்தில் கிடத்தி, அந்தக் குப்பையில் ஒரு புரட்டுப் புரட்டி, அப்படியே விட்டுவிட்டு வந்துவிடுவார்கள். அக்கம்பக்கத்துக் கிழவி ஒருத்தி எதேச்சையாகக் கண்டெடுத்த மாதிரி பிள்ளையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வருவாள். பெற்றவள் ஒரு படி தவிட்டை அவள் முந்தானையில் கொட்டிவிட்டு, தன் பிள்ளையைத் தானே விலைக்கு வாங்குவாள். இது இந்த வீட்டுப் பிள்ளை அல்ல, குப்பையில் கிடந்தது, தவிட்டுக்கு வாங்கியது என்று எமனுக்குக் காட்ட வேண்டும். பிள்ளையின் பெயர் குப்பன். மூக்குக் குத்தி அடையாளப்படுத்தினால் மூக்கன். பிறர் கையில் பிச்சையாகப் போட்டு வாங்கினால் பிச்சை, பிச்சைமுத்து. குப்பனைக் கொஞ்சம் மரியாதையாக்கினால் குப்புசாமி. இன்றைக்கும் அடம்பிடிக்கும் பிள்ளையிடம் ‘உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம்’ என்று கேலி பேசுகிறவர்களுக்கு, அந்தக் கேலிக்கு அடியில் எத்தனை சின்னச் சமாதிகள் இருக்கின்றன என்பது நினைவில் இல்லை.

குப்பன் போனதற்கு நாகரிகம் வந்ததுதான் காரணம் என்று பேசுவது வழக்கம். அது பாதி உண்மைதான். தடுப்பூசியும் ஆஸ்பத்திரிப் பிரசவமும் வந்து பிள்ளைகள் தங்கத் தொடங்கின. எமனை ஏமாற்றும் தேவை குறைந்தது. அழகான பெயர் வைக்கத் துணிச்சல் வந்தது.

பெயரை மொழிபெயர்த்தது பல்லாவரத்து வீடு மட்டுமல்ல. அங்கிருந்து நான்கு ஸ்டேஷன் தள்ளிப் பரங்கிமலை. போர்ச்சுக்கீசியர் 1523இல் அங்கே கோயில் கட்டினார்கள். கத்தோலிக்கத் தமிழர் செய்த பெயர் மொழிபெயர்ப்பு தனித்தமிழ் இயக்கத்துக்கு மிகவும் மூத்தது. பவுல் என்றால் லத்தீனில் சிறியவர். தமிழில் அவர் சின்னப்பர், பிள்ளைக்குச் சின்னப்பன். யோவான் என்ற பெயரில் இறைவனின் அருள் இருக்கிறது, அவர் அருளப்பர். பேதுரு ராயப்பர் ஆனார். சேவியர் சவரியாராகி சவரிமுத்து ஆனார். சின்னப்பனும் அருளப்பனும் மொழிபெயர்ப்புகள் என்று யாருக்காவது உறைக்கிறதா? ஏற்கெனவே ஊரில் புழங்கிய ‘அப்பன்’ என்ற வாலை ஒட்டிக்கொண்டதால், வந்த நாளே அவை சொந்தக்காரர்கள் ஆகிவிட்டன. ஆகவே மொழிபெயர்ப்பில் தவறில்லை. வால் சரியாக இருக்க வேண்டும்.

மறைமலை அடிகளுக்கு முன்னமே, அவர் வேலை பார்த்த அதே கிறித்தவக் கல்லூரியில் இன்னொருவர் இதைச் செய்து பார்த்திருந்தார். மதுரை விளாச்சேரியில் 1870இல் பிறந்த சூரியநாராயண சாஸ்திரி. சூரியனுக்குப் பரிதி, நாராயணனுக்கு மால், சாஸ்திரிக்குக் கலைஞர், பரிதிமாற் கலைஞர். தம் ‘தனிப்பாசுரத் தொகை’யை அந்தப் பெயரில்தான் வெளியிட்டார். வேதாசலத்தைக் கல்லூரிக்குள் கொண்டுவந்தவர் அவரே. 1903இல், 33 வயதில் போய்விட்டார். வாழ்நாள் முழுக்க அவரைச் சாஸ்திரியார் என்றுதான் அழைத்தார்கள். புனைபெயர் பின்னாளில் அசல் பெயரை விழுங்கிவிட்டது. சாஸ்திரிக்கு ஈடாக அவர் எடுத்த ‘கலைஞர்’ என்ற சொல்லோ, அரை நூற்றாண்டு கழித்து வேறொருவரின் பெயராகவே நின்றது. கல்லூரி அப்போது ஜார்ஜ் டவுனில் இருந்தது. தாம்பரத்துக் காட்டுக்கு அது வந்தது 1937இல்தான்.

கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு 1931இல் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. குரோம்பேட்டை, சானடோரியம், தாம்பரம் என்று மனை போட்டுக் குடியேறிய குமாஸ்தாக்களும் ஆசிரியர்களும் ரயில்வேக்காரர்களும் தாத்தா ஊரை விட்டு வந்தவர்கள். தாத்தா பெயரையும் ஊரிலேயே விட்டுவிட்டு வருவது அவர்களுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்தது. அதே காலத்தில் மேடைகளில் பெயர்கள் மாறிக்கொண்டிருந்தன. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்த நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார். அவர் தம்பி சீனிவாசன் செழியன் ஆனார். ராமையா அன்பழகன் ஆனார். கவனித்தால் இங்கே ஒரு திருப்பம் தெரியும். நாராயணசாமிக்கும் நெடுஞ்செழியனுக்கும் பொருளில் எந்த உறவும் கிடையாது. பல்லாவரத்துக்காரர் அகராதியைத் திறந்தார். இவர்கள் புறநானூற்றையும் சிலப்பதிகாரத்தையும் திறந்தார்கள். இளங்கோ, பாரி, கபிலன், செழியன் எல்லாம் ஏற்கெனவே யாரோ ஒருவரைக் கூப்பிட்ட பெயர்கள். வாயில் புழங்கித் தேய்ந்த சொல்லுக்கு இருக்கும் வழவழப்பு அவற்றில் இருந்தது. மறைமலை அடிகள் தொடங்கிய பந்தயத்தில் இவர்கள் ஜெயித்தது இந்த வழியில்தான்.

அகராதி வழி அத்தோடு முடிந்துபோனது என்றும் சொல்ல முடியாது. ‘தென்மொழி’ இதழை நடத்திய பெருஞ்சித்திரனார் 1995இல் மறைந்தார். அவர் நினைவாகப் பாவலரேறு தமிழ்க்களம் மேடவாக்கத்தில் இருக்கிறது. துரைமாணிக்கம் என்ற தம் பெயரை அவர் மாற்றிக்கொண்டபோது எடுத்தது ஒரு சங்கப் புலவரின் பெயரை. மகன்களுக்குப் பூங்குன்றன், பொழிலன். முதலாவது கணியன் பூங்குன்றனாரிடமிருந்து வந்தது. இரண்டாவது ‘பொழில்’ என்ற சொல்லில் ஒரு வாலைச் சேர்த்துப் புதிதாகச் செய்தது. இரண்டையுமே வாசலில் நின்று கூப்பிடலாம்.

தலைவர் வாயால் பெயர் வைக்கும் வழக்கமும் அந்தக் காலத்தில்தான் வேர் பிடித்தது. பொதுக்கூட்டம் முடியும் நேரம், மேடைக்குப் பக்கவாட்டில் கைக்குழந்தைகளோடு ஒரு வரிசை. ஒவ்வொன்றாக மேலே நீட்டுவார்கள். தலைவர் முகத்தைப் பார்த்து ஒரு பெயரை மைக்கில் சொல்வார், கையில் கிடைத்த நோட்டைப் பிள்ளையின் விரலில் திணிப்பார். அதற்காக மாதக்கணக்கில் பெயரில்லாமல் காத்திருந்த பிள்ளைகள் உண்டு. 1932இல் சோவியத் நாட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்த பெரியார், ‘ரஷ்யா’ போன்ற பெயர்களைப் பிள்ளைகளுக்குச் சூட்டினார். பகுத்தறிவுக் குடும்பங்களில் இங்கர்சாலும் சாக்ரடீஸும் லெனினும் தொட்டிலில் கிடந்தார்கள்.

இவற்றில் மிகப் பெரிய பெயர் 1953 மார்ச் 1ஆம் தேதி பிறந்த பிள்ளைக்கு வந்தது. அய்யாதுரை என்று வைப்பதாகத்தான் பேச்சு. மார்ச் 5ஆம் தேதி மாஸ்கோவில் ஸ்டாலின் இறந்தார். இரங்கல் கூட்டத்திலேயே கருணாநிதி தம் மகனுக்கு ஸ்டாலின் என்று பெயர் அறிவித்தார். மூத்தவருக்கு அழகிரி என்று வைத்ததும் பட்டுக்கோட்டை அழகிரியின் நினைவில்தான். ஆக அந்த வீட்டில் ஒரு அண்ணன் தஞ்சை மண்ணிலிருந்து, தம்பி ஜார்ஜியாவிலிருந்து, இன்னொரு தம்பி தமிழரசு. ரஷ்யாவில் சொன்னால் ஆட்கள் திடுக்கிடும் பெயர் தமிழ்நாட்டில் யாருக்கும் வினோதமாகப் படவில்லை. ‘ஸ்’ என்று தொடங்கும் ஒரு சொல் இவ்வளவு சுலபமாகத் தமிழ் வாய்க்குள் போனதற்கு, ‘லின்’ என்று முடியும் அதன் வாலும் ஒரு காரணமாக இருக்கலாம். லெனினுக்கும் அதே அதிர்ஷ்டம். மறுபுறம், 2021 ஜூனில் சேலத்தில் நடந்த ஒரு திருமணம் உலகமெங்கும் செய்தியானது. இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சிப் பிரமுகர் ஒருவரின் மகன் சோசலிசம், மணப்பெண் மம்தா பானர்ஜி. மாப்பிள்ளையின் அண்ணன்மார் கம்யூனிசமும் லெனினிசமும். வீட்டில் ‘இசம்’ என்ற வாலை வெட்டிவிட்டுத்தான் கூப்பிட முடியும் என்று தோன்றுகிறது.

இப்படிப்பட்ட பெயர்களை எழுதிக்கொள்ள மறுக்கும் நாடுகளும் உண்டு. பிரான்சில் 1803ஆம் ஆண்டுச் சட்டம், நாட்காட்டியில் உள்ள புனிதர் பெயரோ பழைய வரலாற்றுப் பெயரோ மட்டும்தான் என்றது. 1993இல்தான் அது முழுமையாகத் தளர்ந்தது. அதே 1993இல் டோக்கியோவை அடுத்த அகிஷிமா நகரத்தில் ஒரு தகப்பன் மகனுக்கு ‘அகுமா’, அதாவது பிசாசு, என்று பெயர் வைக்கப் போய் வழக்கு வரை இழுத்தது. குப்பன் பிறந்த ஊர்க்காரர்களுக்கு அந்தத் தகப்பனைப் புரிந்துகொள்வதில் சிரமம் இருக்காது. இங்கே பதிவாளர் கொடுத்ததை எழுதிக்கொள்கிறார். பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். பெயரைச் சேர்க்க ஓராண்டு வரை கட்டணமில்லை, 15 ஆண்டு வரை கட்டணத்தோடு சேர்க்கலாம். இது 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி வந்த சலுகை. ஆனால் 2023 அக்டோபர் 1க்குப் பின் பிறந்தவர்களுக்குப் பள்ளிக்கூடம் முதல் பாஸ்போர்ட் வரை பிறந்த தேதிக்குப் பிறப்புச் சான்றிதழ்தான் ஒரே ஆதாரம் என்றாகிவிட்டது. காலிக் கட்டத்தை வைத்துக்கொண்டு ஆறப்போட முன்போல் முடியாது.

2021இல் பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் எல்லாம் தாம்பரம் மாநகராட்சியில் சேர்ந்துவிட்டன. பழைய மகாபலிபுரம் சாலைக் கம்பெனிகளுக்கு வேலைக்குப் போகும் அப்பா அம்மாக்கள் இந்தப் பக்கம் நிறைந்துவிட்டார்கள். மேற்குத் தாம்பரத்துப் புண்யாகவாசனத்தில் இன்றும் தாம்பாளத்தில் பச்சரிசி பரப்பி, மோதிரத்தால் பெயர் எழுதிக் காட்டுகிறார்கள். அதற்கு முந்தின இரவுவரை நடக்கும் சண்டை மட்டும் புதிது. பாட்டிக்கு நட்சத்திர எழுத்தில் தொடங்க வேண்டும். அசுவினி என்றால் சு, சே, சோ, லா என்று ஏதோ ஒன்று அகப்படும். திருவாதிரைக்கு உரிய எழுத்துகளில் ‘ங’வும் ஒன்று, தமிழில் அதில் தொடங்கும் பெயரைத் தேடினால் பிள்ளை கல்லூரிக்கே போய்விடுவான். எண் கணிதக்காரருக்கு ஆங்கிலத்தில் ஒரு ‘ஏ’ அதிகம் வேண்டும். அப்பாவுக்கு அமெரிக்க மேலதிகாரியின் வாயில் நுழைய வேண்டும். அம்மாவுக்கு அடுக்கு மாடியில் வேறு எந்தப் பிள்ளைக்கும் அந்தப் பெயர் இருக்கக் கூடாது.

ஒரு பக்கம் ரித்விக்கும் தக்ஷித்தும். இன்னொரு பக்கம் கவின், இனியன், மகிழன், ஆதன். கீழடியில் கிடைத்த பானை ஓடுகளில் ஆதன் என்றும் குவிரன் என்றும் தமிழி எழுத்தில் கீறியிருப்பதைத் தொல்லியல் துறை வெளியிட்டதும், இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய பானைக்காரன் ஒருவன் திடீரென்று புதுப் பெயராகிவிட்டான். ஆதனைத் தொட்டிலில் பார்க்கலாம். குவிரனைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அதே பானை, அதே எழுத்து, அதே பழமை. ஆனால் ஒன்றை அழைத்துப் பார்த்தால் காற்று போகிறது, இன்னொன்றில் உதடு குவிந்து நின்றுவிடுகிறது.

ஆக, மாடியிலிருந்து கீழே விளையாட்டுத் திடலைப் பார்த்துக் கூப்பிடுகிற சோதனைக்கு இன்றும் விலக்கில்லை. தக்ஷித் ‘தக்‌ஷு’ ஆகிறான், மகிழன் ‘மகி’ ஆகிறான். மருமகள் வைத்த தம்பிகளும் கண்ணுகளும் வேறு வேஷத்தில் திரும்பி வந்திருக்கிறார்கள்.

தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டுப் பக்கம் போகும் மின்சார ரயில் வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி தாண்டி ஒரு பெரிய ஊரில் நிற்கும். 1980 வாக்கில் எழுந்த துணைநகரம். கார் தொழிற்சாலை வந்து பெயர் பெற்றது. அசலம் மலையாகி, வேதம் மறையாகிப் பல்லாவரத்து வீட்டில் பிறந்த பெயர் அந்த ஊருக்கு வைக்கப்பட்டிருக்கிறது. ஸ்டேஷன் பலகையில் ‘மறைமலை நகர் காமராஜர்’ என்று முழுதாக எழுதியிருக்கும். இறங்கி வெளியே வந்தால், ஷேர் ஆட்டோக்காரரும் மனை விற்கிறவரும் வைத்திருக்கும் பெயர் இரண்டு ஆங்கில எழுத்தும் ஒரு வாலும்: எம்.எம். நகர்.